முதல் தொலைகாட்டி வாங்குமுன்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எங்களில் பலருக்கு ஒரு தொலைகாட்டி வேண்டும் என்ற ஆசை உண்டு. வானியல் தொலைகாட்டியின் கதிர்ப்படத்தை நாம் வரைந்திருக்கிறோம். பொருள்வில்லையின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் கோண உருப்பெருக்கம் வரும் என்பதும் தெரியும். ஆனால் கடையில் பத்துப் பெட்டிகளை வைத்து ஒன்றைத் தெரிவு செய் என்றால் இந்தச் சமன்பாடு மட்டும் போதாது.

கத்தாரில் தொழில் செய்யும் என் நானா, விடுமுறையில் வரும்போது எனக்கொரு தொலைகாட்டி கொண்டு வருவதாகச் சொன்னார். "எது நல்லதென்று நீயே தேடிப் பார்த்துச் சொல்லு. நான் அங்க கடையில நின்டு யோசிக்க ஏலாது" என்றார். அது அவர் வெயிலில் உழைத்த பணம். வாங்கிய பின் மூலையில் கிடக்கும் ஒரு பொருளுக்கு அந்தப் பணம் போகக் கூடாது என்பதால், மூன்று மாதம் நூல்களிலும் இணையத்திலும் தேடிப் படித்தேன். புசல்லாவை போன்ற ஒரு மலையூரில் இருந்து வானம் பார்க்க விரும்பும் தோழியருக்கும், அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பெட்டியின் மேலுள்ள பெரிய எண்

விளையாட்டுச் சாமான் கடைகளில் விற்கப்படும் தொலைகாட்டிப் பெட்டிகளில் "600 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்பது போன்ற வாசகங்கள் இருக்கும். உருப்பெருக்கம் என்பது இரண்டு குவியத்தூரங்களின் விகிதமே. சிறிய பார்வைத்துண்டைப் பொருத்தி எந்தத் தொலைகாட்டியிலும் அந்த எண்ணை ஏற்றலாம். ஆனால் உள்ளே வரும் ஒளி அதே அளவுதான். அதே ஒளியைப் பெரிய பரப்பில் விரித்தால் உருவம் மங்கிக் கலங்கிப் போகும். சீனி ஒரு கரண்டிதான் இருக்கும்போது தேநீரை மட்டும் பத்துக் கோப்பையாக்குவது போன்றது இது.

பயன்படக்கூடிய உச்ச உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொலைகாட்டியின் வாய் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்க வேண்டும். வாய் 60 மில்லிமீற்றர் என்றால் உச்சம் 120 மடங்கு. நல்ல வானிலையில்தான் அதுவும் கிடைக்கும். வியாழனின் நான்கு சந்திரன்களை 1610ஆம் ஆண்டு கலிலியோ கண்டுபிடித்த தொலைகாட்டி ஏறத்தாழ 20 மடங்குதான் பெரிதாக்கியது. இதை நினைவில் வைத்தால் 600 என்ற எண்ணைக் கண்டு மயங்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டிய எண் வாயின் விட்டம்

ஒளியைச் சேர்க்கும் ஆற்றல் வாயின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். இருளில் நன்கு விரிந்த இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 60 மில்லிமீற்றர் தொலைகாட்டி அதைவிட ஏறத்தாழ 73 மடங்கு ஒளியைச் சேர்க்கும். 130 மில்லிமீற்றர் தொலைகாட்டி 345 மடங்கு சேர்க்கும். விட்டம் இரு மடங்குக்குச் சற்றுக் கூடினாலும் ஒளி நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

வில்லையால் ஒளியைக் குவிப்பது முறிவுத் தொலைகாட்டி. குழிவாடியால் குவிப்பது தெறிப்புத் தொலைகாட்டி. இரண்டாவதை முதலில் செய்து காட்டியவர் நியூட்டன். வண்ணங்களைப் பிரிக்காத நல்ல வில்லை செய்வது கடினம், செலவும் அதிகம். ஆடி எல்லா நிறங்களையும் ஒரே விதியின்படி தெறிக்கச் செய்வதால் அந்தக் குறை அதற்கில்லை. ஒரே விலைக்குப் பெரிய வாய் வேண்டுமானால் தெறிப்புத் தொலைகாட்டியே இலாபம். ஆடிகளின் கோணத்தை இடைக்கிடை திருகாணியால் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான்.

தாங்கிதான் பாதித் தொலைகாட்டி

வாங்கப் போகிறவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி குழாய் நிற்கும் தாங்கி. ஆங்கிலத்தில் மவுண்ட் என்பார்கள். 65 மடங்கு பெரிதாக்கும் தொலைகாட்டி கை நடுக்கத்தையும் காற்றின் அசைவையும் 65 மடங்கு பெரிதாக்கும். மெல்லிய அலுமினியக் கால்களில் நிற்கும் குழாயில் குவியத்தைச் சரிசெய்யத் தொட்டவுடனே நிலவு கண்ணுக்குள் துள்ளும். எங்கள் உறவினர் வீட்டில் இருந்த ஒன்றில் இதை நானே பார்த்தேன். அதன் வில்லை மோசமில்லை. கால்கள்தான் நிற்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு இரவுகளோடு அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தூரத்து மின்கம்பம் ஒன்றைப் பார்த்தபடி குழாயை விரலால் மெதுவாகத் தட்டி, ஆட்டம் அடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று செக்கனில் அடங்கினால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் அந்தத் தாங்கி வேண்டாம்.

பூமியும் சுழல்கிறது. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாக நமக்குத் தெரிகிறது. 65 மடங்கில் சாதாரண பார்வைத்துண்டு முக்கால் பாகை அகலமான வானத்தைக் காட்டும். ஆகவே நடுவானில் உள்ள ஒரு கோள் மூன்று நிமிடத்தில் காட்சியைக் கடந்துவிடும். தாங்கி உறுதியாக நிற்க வேண்டும். அதேவேளை அதை மென்மையாக அசைக்கவும் முடிய வேண்டும்.

தாங்கிகளில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. ஒன்று மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசைவது. இதில் மிக எளியது டொப்சன் தாங்கி. ஜோன் டொப்சன் 1915இல் பீஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். மடமொன்றில் துறவியாக இருந்த காலத்தில், கையில் பணமில்லாமல், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, பலகைப் பெட்டியொன்றில் சுழலவிட்டார். பிறகு சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் அதை வைத்து வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டினார். அவருடைய பலகைப் பெட்டிதான் இன்று உலகம் முழுதும் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இதில் உயர்ந்த கால்கள் இல்லை. செலவின் பெரும்பகுதி ஆடிக்கே போய்ச் சேர்கிறது.

மற்றையது ஈக்குவட்டோரியல் தாங்கி. இதன் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக வைத்துவிட்டால், அந்த ஓர் அச்சை மட்டும் சீராகச் சுழற்றி விண்மீனைத் தொடரலாம். ஒரு சிறிய மோட்டர் அந்த வேலையைச் செய்யும். நீண்ட நேர ஒளிப்படம் எடுக்க இதுவே ஏற்றது என்பதால், முதல் தொலைகாட்டிக்கே இதை வாங்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. அவற்றுள் பல 40, 50 பாகை அகலக்கோட்டில் வாழ்பவர்கள் எழுதியவை. நம் ஊருக்கு அவை அப்படியே பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

ஏழு பாகையில் நம் ஊர்

புசல்லாவை ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. துருவ நட்சத்திரம் அந்த ஒரு முஷ்டிக்கும் கீழே நிற்கிறது. நம்மில் பலருடைய வீட்டில் இருந்து பார்த்தால் அந்த உயரத்தில் ஒரு தேயிலை மலையோ சவுக்கு மரமோ மூடுபனியோதான் இருக்கும்.

ஈக்குவட்டோரியல் தாங்கியை நிறுத்தும்போது பொதுவாகத் துருவ நட்சத்திரத்தையே குறிபார்ப்பார்கள். நம்மால் பெரும்பாலும் அது முடியாது. அதன் அச்சையும் 7 பாகைக்குச் சாய்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். சில தாங்கிகளின் பாகைத் திருகாணி 10 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி முன்காலில் முட்டக்கூடும். துருவ நட்சத்திரம் இல்லாமலே ஒரு விண்மீனின் நகர்வைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் முறை இருக்கிறது. அதற்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். ஆகவே அதை முதல் வருடத்தில் தொடங்குவது உகந்ததல்ல.

அதே ஏழு பாகை நமக்குத் தரும் நன்மைகளும் உண்டு. மத்திய கோட்டுக்கு அருகில் கிழக்கே உதிக்கும் விண்மீன்கள் ஏறத்தாழ நேர்குத்தாக மேலே ஏறுகின்றன. ஆகவே கிழக்கையோ மேற்கையோ பார்க்கும்போது டொப்சன் தாங்கியை ஒரே திசையில் மெல்லத் தள்ளினால் போதும். லண்டனில் சரிந்து ஏறும் விண்மீனை இரு திசையிலும் துரத்த வேண்டும். உச்சிக்கு நேரே வரும் பொருளைத் தொடர்வது மட்டும் டொப்சனில் சிரமம். அரை மணி நேரம் காத்திருந்தால் அது மேற்கே இறங்கிவிடும்.

கோள்களும் நமக்கு உயரத்தில் வருகின்றன. தாழ்வாக நிற்கும் கோளின் ஒளி தடித்த வளிமண்டலத்தைக் கடந்து வருவதால் உருவம் அலையும். தலைக்கு மேலே அந்தக் கலக்கம் குறைவு.

இரு அரைக்கோளங்களின் வானமும் நமக்குக் கிடைப்பது இன்னொரு நன்மை. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பது ஏறத்தாழ 12.5 பாகையில். அங்குள்ள 2.34 மீற்றர் தொலைகாட்டி 1986இல் செயற்படத் தொடங்கியது. மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானத்தையும் நன்கு ஆராயலாம் என்பது அந்த இடத்தின் சிறப்புகளில் ஒன்று. நாம் அதைவிடவும் தெற்கே இருக்கிறோம். தென்சிலுவை நமக்கு 23 பாகை வரை உயர்கிறது. ஒமேகா சென்டோரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து 35 பாகை வரை உயர்கிறது. லண்டனில் இருப்பவர் தன் வீட்டில் இருந்து இந்த இரண்டையும் ஒருபோதும் காண முடியாது. ஜனவரிக் கடைசியில் ஸுபஹுக்கு எழும்பும் வேளையில் தெற்கே பாருங்கள். ஒமேகா சென்டோரி அப்போது தன் உச்ச உயரத்தில் இருக்கும். கண்ணுக்கு மங்கலான ஒரு விண்மீன் போலத் தெரிவது தொலைகாட்டியில் உருண்டையான ஒளித்திரளாக விரியும்.

படம் எடுக்க ஆசைப்படுவோருக்கு

புத்தகங்களில் வரும் நெபுலாப் படங்களைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்ப்பவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். அசையாத கமராவில் விண்மீன் கோடாக இழுபடாமல் எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு: 500ஐக் குவியத்தூரத்தால், மில்லிமீற்றரில், வகுக்க வேண்டும். கைத்தொலைபேசியின் பிரதான கமரா ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமம். 500ஐ 26ஆல் வகுத்தால் 19 செக்கன். 650 மில்லிமீற்றர் தொலைகாட்டிக்கு அதே கணக்கு ஒரு செக்கனுக்கும் குறைவாகவே வரும். மங்கலான நெபுலாவுக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். அதனால்தான் வான் ஒளிப்படக்காரர்கள் குழாயை விடத் தாங்கிக்கு அதிகம் செலவிடுகிறார்கள்.

அந்தச் செலவு இல்லாமலும் மூன்று வகைப் படங்கள் எடுக்கலாம். முதலாவது நிலவு. அது பிரகாசமானது, மிகச் சிறிய நேரத் திறப்பே போதும். கைத்தொலைபேசியைப் பார்வைத்துண்டின் மேல் பிடிக்கும் கவ்வியொன்று வாங்கினால் பள்ளங்கள் தெளிவாக விழும். முழுநிலவைவிடப் பாதிநிலவே சிறந்தது, ஏனெனில் ஒளியும் இருளும் சேரும் ஓரத்தில் நிழல்கள் நீளமாக இருக்கும். இரண்டாவது கோள்கள். காணொளியாக எடுத்து, அதன் நல்ல சட்டங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மூன்றாவது அகன்ற வானம். தொலைபேசியைச் சிறு முக்காலியில் வைத்து 15 செக்கன் திறந்துவிட்டால், கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமான விண்மீன்கள் படத்தில் இருக்கும்.

பனியும் பூஞ்சணமும்

நம் மலைநாட்டில் தொலைகாட்டியின் பெரிய எதிரி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வானத்தை மூடிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. நமக்குத் தெளிவான இரவுகள் அதிகம் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். மற்ற மாதங்களில் பெட்டிக்குள் இருக்கும் வில்லையிலும் ஆடியிலும் பூஞ்சணம் பிடிக்கலாம். பனி படிந்த குழாயை உடனே மூடி வைக்கக் கூடாது. வீட்டுக்குள் திறந்து வைத்து உலர்ந்த பின்னரே மூட வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கூடவே வையுங்கள். ஆடியைத் துணியால் துடைத்தால் அதன் மெல்லிய அலுமினியப் பூச்சு கீறிவிடும். கொஞ்சம் தூசி இருந்தால் காட்சி கெடாது.

கணினியால் தானே விண்மீனைத் தேடிக் காட்டும் தாங்கிகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றின் விலையில் பெரும்பகுதி மோட்டருக்கும் மின்சுற்றுக்கும் போய்விடுகிறது. இந்த ஈரத்தில் அவை பழுதானால் திருத்த ஆளும் தேட வேண்டும். ஸ்டெலேரியம் போன்ற இலவச வான்வரைபட மென்பொருளும் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சும் இருந்தால் நாமே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

பெற்றோருக்கு

"ராவையில பனியில நின்டு அப்பிடி என்னத்தப் பாக்கப் போற?" என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளை எங்கே நிற்பாள், யாருடன் நிற்பாள், படிப்பு என்னாகும் என்ற மூன்று கவலைகளும் அதற்குள் இருந்தன. நான் சொன்ன பதில் இது. வீட்டு முற்றம் போதும், வேறெங்கும் போக வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரத்திலேயே நன்கு இருட்டிவிடும், நள்ளிரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதத்தில் நாலைந்து தெளிவான இரவுகள் கிடைத்தாலே பெரிது, ஆகவே படிப்புக்கு இடைஞ்சலும் குறைவு. தொலைகாட்டி வந்த பின் உம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வரிசையில் நின்றுதான் வியாழனின் சந்திரன்களைப் பார்த்தார்கள்.

கட்டாயம் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தொலைகாட்டியாலோ இருகண்காட்டியாலோ சூரியனைப் பார்த்தால் ஒரு கணத்தில் பார்வை பறிபோகும். சில மலிவான பெட்டிகளில் பார்வைத்துண்டில் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். அதை எறிந்துவிடுங்கள். தலைப்பிறை தேடும் ஆவலில் சூரியன் மறையுமுன் மேற்கு நோக்கித் திருப்பவும் கூடாது. சூரியன் முழுமையாக மறைந்தது உறுதியான பின்னரே குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். பகலில் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் அதை வைக்கவும் கூடாது.

பணம் போதாதென்றால் மலிவான தொலைகாட்டியை வாங்காமல் 10×50 இருகண்காட்டி வாங்குங்கள். 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது வாயின் விட்டம். நிலவின் பள்ளங்களும், கார்த்திகைக் கூட்டமும், ஓரியன் நெபுலாவும், வியாழனின் சந்திரன்களும் அதில் தெரியும். அன்ட்ரோமீடாவும் தெரியும். 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள அதை 964ஆம் ஆண்டளவில் தன் விண்மீன் நூலில் ஒரு சிறு மேகம் என்று குறித்து வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. அவரிடம் எந்த வில்லையும் இருக்கவில்லை.

பாடசாலைகளும் இதை யோசிக்கலாம். பத்து வீடுகளில் பத்துச் சிறு தொலைகாட்டிகள் தூங்குவதைவிட, விஞ்ஞான கழகத்துக்கு ஒரு நல்ல டொப்சன் இருந்தால் நூறு மாணவிகள் பார்ப்பார்கள்.

நாங்கள் தெரிவு செய்தது

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்து, 130 மில்லிமீற்றர் வாயும் 650 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உள்ள, மேசைமேல் வைக்கும் டொப்சன் வகைத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றைக் கேட்டேன். ஆறேழு கிலோதான் என்பதால் நானாவின் பயணப் பொதியில் அடங்கியது. என்னால் தனியே தூக்கவும் முடிகிறது. 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் 26 மடங்கு, 10 மில்லிமீற்றரில் 65 மடங்கு. சனியின் வளையம் தெளிவாகத் தெரிய 65 போதும்.

மேசைமேல் வைக்கும் வகைக்கு ஆடாத மேசை வேண்டும். வாப்பா ஊர்த் தச்சர் ஒருவரிடம் சொல்லிப் பலா மரத்தில் தடித்த ஸ்டூல் ஒன்று செய்வித்தார். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்பதால், மேடு பள்ளமான முற்றத்திலும் ஆடாதிருக்க மூன்று கால்களே வைக்கச் சொன்னேன். தச்சர் முதலில் சிரித்தார். பிறகு தன் பட்டறைக்கும் அதுபோல ஒன்று செய்துகொண்டார்.

வாங்கப் போகும் தோழியர் கடையில் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வாயின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர்? தட்டினால் ஆட்டம் எத்தனை செக்கனில் அடங்குகிறது? ஈக்குவட்டோரியல் தாங்கி என்றால் 7 பாகை வரை இறங்குமா? பார்வைத்துண்டு பொதுவான 1.25 அங்குல அளவா, பின்னர் வேறொன்று மாற்றலாமா? கடைசிக் கேள்வியை உங்களிடமே கேளுங்கள். பனி கொட்டும் ஒரு ஜனவரி இரவில் யாருடைய உதவியும் இல்லாமல் இதை நான் முற்றத்துக்குத் தூக்கி வருவேனா? அதற்கு "ஆம்" என்று சொல்ல முடிகிற தொலைகாட்டியையே வாங்குங்கள்.